அண்ணி, எத்தனை கே?

காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை இரண்டு வட்டங்கள். வெள்ளை என்று சொல்ல முடியாது. நீலம் அதிகமாகிப்போன வேட்டியின் நிறம். எவ்வளவு தூரத்தில் வருகின்றன என்றும் தெரியவில்லை. மார்கழிப் பனி இரண்டையும் பெரிதாக்கி ஒன்றாக்கிவிட்டிருந்தது.

குடவாசலுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து பெரிய சாலைக்குப் போக வாய்க்கால் கரைதான் வழி. போகும்போது வலப்பக்கம் வாய்க்கால். இடப்பக்கம், இரண்டடிப் பள்ளத்தில் கதிர் வாங்கி நிற்கும் சம்பா. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும். நான் விளக்கைத் தாழ்த்தினேன். எதிர்த் தரப்பு தாழ்த்தவில்லை. கண்ணுக்குள் வெளுத்துப் போனது. இடப்பக்கம் ஒடித்தேன். ஈரமான கரை சக்கரத்துக்குக் கீழே கரைந்தது. கார் மெதுவாக, கிட்டத்தட்ட மரியாதையாக, வயலுக்குள் சாய்ந்து நின்றது. ஸ்டீயரிங்கில் மோதிக் கீழ் உதடு கிழிந்தது. வேறு காயமில்லை.

எதிரே வந்த வண்டி நின்றது. என் கணவரின் தம்பி இறங்கினார். புதிதாக வாங்கிய பெரிய வண்டி, வாங்கி நான்கு மாதம். திருவாரூரில் யாரையோ ரயிலேற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். முதலில் பயிரைப் பார்த்தார். அது அவர் சாகுபடி செய்யும் வயல். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னண்ணி, தூங்கிட்டீங்களா?"

ஏழு மணிக்குள் டீக்கடையில் அது "தூங்கிட்டாங்களாம்" ஆனது. பத்து மணிக்கு டிராக்டர் கட்டி என் வண்டியை இழுத்தவர்கள் "காலைல தூக்கம் வரும்ல, பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். தஞ்சாவூரில் ஒரு நாளிதழில் இருபது வருடமாக உதவி ஆசிரியர் நான். பிறர் எழுதியதைத் திருத்துவது தொழில். ஒரு கேள்விக்குறி தவறி விழுந்தால் சந்தேகம் செய்தியாகிவிடும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எத்தனையோ பேருடைய கேள்விக்குறிகளைக் காப்பாற்றியிருக்கிறேன். என்னுடையதைக் காப்பாற்ற அன்று ஆளில்லை.

மதியம் துபாயிலிருந்து கணவர் பேசினார்.

"தம்பி சொன்னான். அடி ஒண்ணும் பெருசா இல்லல்ல?"

"எதிர்ல வந்ததே அவருதாங்க. அந்த லைட்டுல கண்ணு தெரியல."

"அந்த லைட்டு எல்லாருக்கும்தான் எதிர்ல வருது. வேற யாரும் வயல்ல எறங்கலையே."

அவரே தொடர்ந்தார். "பொங்கலுக்கு வர்றேன்ல, பேசிக்கலாம். பேசாம வண்டிய தம்பிகிட்ட விட்டுட்டு நீ பஸ்ல போ. வயசும் ஆவுதுல்ல."

எனக்கு நாற்பத்தாறு. அவருடைய தம்பிக்கு நாற்பத்தெட்டு.

எங்கள் ஊருக்கு முதல் பஸ் ஆறு பத்துக்கு. என் வேலை தஞ்சாவூரில் ஆறரைக்குத் தொடங்குகிறது. காலை ஷிப்டுக்கு வர முடியாது என்று சொன்னால், அந்த நாற்காலியில் உட்கார வேறு இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். ஆக, அந்தச் சாவி போனால் வேலை போகும். பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது.

உதட்டுத் தையல் பிரிப்பதற்குள் கொழுந்தனார் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். என் கார் பழையது, முகப்பு விளக்கு மஞ்சளாக எரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்: "அண்ணி வண்டில லைட்டா எரியுது? வெளக்குல்ல எரியுது. நாலு பூவ சுத்தி, ஒரு பொட்டு வச்சுட்டா கும்புட்டுக்கலாம்."

மாமியார் சிரித்தார். கொழுந்தனாரின் மனைவி சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார். அன்று மாலையே குடும்ப வாட்ஸாப் குழுவில், நான் அலுவலகத்திலிருந்து கிளம்பிவிட்டேன் என்று போட்ட செய்திக்குக் கீழே ஓர் அகல் விளக்குப் படம் போட்டார். துபாயிலிருந்து கணவர் அதற்குச் சிரிப்புப் படம் போட்டார். அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

நான் கும்பகோணத்தில் உள்ள கார் சாமான் கடைக்குப் போனது பாதுகாப்புக்காக அல்ல. அவர் கண்ணைக் கூச வைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அதே கரையில், அதே நேரத்தில், அவர் எதிரே வரும்போது, அவருடையதைவிடப் பெரிய வெளிச்சம் என் வண்டியில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அன்றைய திட்டம்.

கடைக்காரர் ஒரு பாய். சவுதியில், தம்மாமில் பதினைந்து வருடம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அளந்து பேசுவார்.

"பனிக்கு ஃபாக் லைட் போடணும் பாய். இருக்கறதுலயே பெரிய நம்பர் எதுவோ அதக் குடுங்க."

"பெரிய நம்பர்னா?"

"எட்டாயிரம், பத்தாயிரம்னு சொல்றாங்களே."

அவர் எழுந்து, ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து நான்கு பல்புகளை எடுத்துக் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தார். ஒரு பேட்டரியில் கம்பியைத் தொட்டு ஒவ்வொன்றாக எரியவைத்தார். மூவாயிரம்: மஞ்சள். நாலாயிரத்து முந்நூறு: பாலேடு மாதிரி வெள்ளை. ஆறாயிரம்: சுத்த வெள்ளை. எட்டாயிரம்: நீலம் ஏறிய வெள்ளை. நான் பார்த்த வட்டங்களின் நிறம்.

"பல்புல போட்டிருக்கற கே-ன்னா கெல்வின். அது வெளிச்சம் இல்லம்மா. நெறம். எல்லாரும் வந்து வெளிச்சம்னுதான் கேக்குறாங்க. இரும்பக் காச்சுனா மொதல்ல செவப்பாவும், அப்பறம் மஞ்சளாவும், அப்பறம் வெளுக்கும். அந்தச் சூட்டுக் கணக்குதான் இது. நம்பர் ஏற ஏற நீலம் ஏறும். வெளிச்சம் ஏறாது. நீலக் கண்ணாடி பல்புல எறங்கக்கூடச் செய்யும்."

"பனில?"

"பனில நீல வெள்ளை அடிச்சா, பால் பாத்திரத்துக்குள்ள டார்ச் அடிச்ச கணக்கு. நம்ம வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்பி வரும். எதிர்ல வர்றவனுக்கும் கண்ணு போயிரும், ஓட்டுறவனுக்கும் ரோடு போயிரும்." பிறகு தயங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க கொழுந்தனாரு வண்டிக்கு எட்டாயிரம் நான்தான் மாட்டுனேன். வேணாம்னு சொன்னேம்மா. கேக்கல. 'பாய், மோட்டாருக்கு எச்.பி., லைட்டுக்குக் கே. ஏழரை எச்.பி. போட்டவன் வயலுக்குத்தான் மொதல்ல தண்ணி பாயும்'னாரு."

எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் வரக்கூடிய தப்புதான் அது. போர்செட் வாங்கும் மனிதனுக்கு எண் என்றால் விசை. மூன்று எச்.பி.யைவிட ஐந்து, ஐந்தைவிட ஏழரை. பெரிய எண் வைத்திருப்பவன் பெரிய ஆள்.

தொழில் புத்தியில் அன்று மாலை பாய் சொன்னதைச் சரிபார்த்தேன். ஒரு பாதி மட்டுமே முழுக்கச் சரி. பனித்துளிகள் பெரியவை, மஞ்சளையும் நீலத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது பாதிக் கதை. ஆனால் நீலம் ஏறிய கூச்சம் கண்ணை அதிகம் வருத்துகிறது. அதைவிட முக்கியம், ஃபாக் லைட்டின் உயரம்: தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒளி குனிந்து விழ வேண்டும். பாய் அதைச் சொல்லவில்லை, செய்தார். என் வண்டியின் பம்பருக்குக் கீழே இரண்டு விளக்கைப் பொருத்தி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒளி அதற்கு மேலே ஏறாதபடி திருகினார். மூவாயிரம் கே. மஞ்சள்.

எதிரியின் கண்ணைக் கூச வைக்கும் திட்டத்தை நான் அந்தக் கடையிலேயே விட்டுவிட்டேன். நல்லதாக இன்னொன்று கிடைத்திருந்தது.

நான்கு நாள் கழித்து, சாயங்காலம், கொழுந்தனார் பக்கத்திலேயே இருக்கும் தன் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என் வண்டியின் புது விளக்குகளைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணி, எத்தனை கே?"

"மூவாயிரம்."

"மூணு எச்.பி.யா!" குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "இருந்த வெளக்கு பத்தாதுன்னு இன்னும் ரெண்டு ஏத்திட்டீங்களா? கார்த்திகை முடிஞ்சு போச்சுண்ணி."

நானும் சிரித்தேன். அவர் துணியைப் பிழிந்தபடி, கொஞ்சம் குரலை இறக்கிக் கேட்டார்: "நானும் கீழ ரெண்டு ஃபாக் லைட் போடலாம்னு பாக்குறேன். அண்ணன் வர்றன்னிக்கு விடிகாலைல திருச்சி போகணும்ல. நீங்கதான் பேப்பர்ல இருக்கீங்க, எல்லாம் படிப்பீங்க. எட்டாயிரம் போடவா, பத்தாயிரம் போடவா? எது பெருசு?"

அந்த இடத்தில் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு மூச்சு விடும் நேரம் யோசித்தேன். போகி அன்று விடிகாலையில் அவர் வண்டியில் யார் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு சொன்னேன்:

"பத்தாயிரம்தான் பெருசு."

அது பொய் இல்லை. எந்தப் பிழைதிருத்துபவரும் அந்த வாக்கியத்தில் கை வைக்க முடியாது.

போகி அன்று காலை நான்கு ஐம்பதுக்குக் கிளம்பினோம். பெட்டிகள் வைக்க இடம் வேண்டும் என்று சொல்லி என் வண்டியையும் எடுத்துக்கொண்டேன். கொழுந்தனார் வண்டியில் அவரும் அவர் மனைவியும் மாமியாரும். மாமியார் முன் இருக்கையில். பனி, மாதத்திலேயே அதிகமான பனி. அதோடு ஊர் முழுக்கப் பழைய கோரைப்பாயும் தென்னைமட்டையும் எரிந்து, புகை பனிக்குக் கீழே படுத்துக் கிடந்தது.

"நீங்க பின்னாலயே வாங்கண்ணி. என் வெளிச்சத்துல வந்துரலாம்" என்றார்.

பின்னாலேயே போனேன். வாய்க்கால் கரையில் ஏறியதும் அவருடைய பிரேக் விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பின்னாலிருந்தே தெரிந்தது: வண்டியின் மூக்குக்கு இரண்டடி தள்ளி ஒரு வெள்ளைச் சுவர். மேலே எட்டாயிரம், கீழே பத்தாயிரம். அவர் கொடுத்த ஒளி முழுவதும் அவரிடமே திரும்பிக்கொண்டிருந்தது. நடக்கிற ஆள் எங்களைத் தாண்டிப் போயிருப்பான்.

மதகு பக்கத்தில் கரை கொஞ்சம் அகலம். அங்கே நின்றுவிட்டார். முன் கதவு திறந்தது. மாமியார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, பனியில் என் வண்டிக்கு நடந்து வந்தார்.

"கதவத் தொறடி. அவன் வண்டில நான் வரல."

அவரை ஏற்றிக்கொண்டு கொழுந்தனாரைத் தாண்டினேன். குனிந்து விழும் மஞ்சள் ஒளியில் கரையின் இரண்டு விளிம்பும் தெரிந்தன; அருகம்புல்லின் ஈரம் தெரிந்தது. அதிகமில்லை, இருபது முப்பது அடி. போதும். இருபதில் போனேன். கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணி, கொஞ்சம் மெதுவாப் போங்க. உங்க பின்லைட்டு தெரிய மாட்டேங்குது."

"ஏன் தம்பி, லைட்டு போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டா இன்னும் தெரியலண்ணி. ஒண்ணுமே தெரியல."

"என்ன சொன்னீங்க? கேக்கல. அத்தை பக்கத்துல இருக்காங்க, சத்தமாச் சொல்லுங்க."

"ஒண்ணுமே தெரியலங்கறேன்! இந்த லைட்டுல ரோடே தெரியல!"

ஒரு முறை சொன்னால் பேச்சு. இரண்டு முறை சொன்னால் வாக்குமூலம். மாமியார் கைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டியது எனக்குக் கிடைத்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. இருபதிலிருந்து முப்பதுக்கு ஏற்றினேன். பின்கண்ணாடியில் அவருடைய வெளிச்சம் சிறுத்து, வெள்ளைக்குள் கலந்து, இல்லாமல் போனது.

"ஏன்டி வேகமாப் போற?"

"பாதை தெரியுது அத்தை."

பெரிய சாலை சேருமிடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தத் தூரத்துக்கு நான்கு நிமிடம் போதும். பதினோரு நிமிடம் ஆயிற்று. அவர் வந்து நின்றபோது வண்டியின் முன் சக்கரம் ஒன்று அச்சு வரைக்கும் சேறாக இருந்தது. வலப்பக்கச் சக்கரம். வாய்க்கால் பக்கம். பம்பரில் ஆகாயத்தாமரையின் வேர் தொங்கியது. உள்ளே அவர் மனைவி மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வண்டி நின்ற பிறகும் விடவில்லை.

மாமியார் இறங்கிப் போய் அந்தச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "போ" என்றார்.

திருச்சி விமான நிலையத்தில் கணவர் வெளியே வந்து, அம்மாவின் காலைத் தொடக் குனிந்தபோதே மாமியார் தொடங்கிவிட்டார்.

"ஒன் தம்பி வண்டில வந்திருந்தா வாய்க்கால்லதான் என்னைத் தேடியிருக்கணும். லைட்டாம் லைட்டு. இவ பின்னால வந்துதான் ஊரையே தாண்டுனான். வண்டிய இவகிட்டேருந்து வாங்கணும்னு இனிமே எவனாச்சும் பேசுனா பாத்துக்கறேன்."

கணவர் தம்பியைப் பார்த்தார். தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். கணவர் என் வண்டியில்தான் திரும்பினார். வண்டியைத் தம்பியிடம் விடுவதைப் பற்றி வல்லம் வரும்வரை எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

கதை அத்தோடு முடிந்திருந்தால் எனக்கு வசதி. காணும் பொங்கலுக்கு மறுநாள் கொழுந்தனார் கும்பகோணம் போய் பாயைச் சத்தம் போட்டிருக்கிறார். பாய், "நான் உங்ககிட்டயும் சொன்னேன், உங்க அண்ணிகிட்டயும் நாலு பல்பையும் எரிய விட்டுக் காட்டி வெவரமாச் சொன்னேனே" என்றிருக்கிறார். அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக் கொல்லைப்புறம் வந்தார். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"எது பெருசுன்னு கேட்டீங்க. சொன்னேன்."

"என் பொண்டாட்டி உள்ள இருந்தாண்ணி." கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். "வண்டி கரைல தொங்குச்சு. அவ கதவத் தொறந்து குதிக்கப் பாத்தா. அந்தப் பக்கம் தண்ணி."

எனக்கு அவர் மனைவியின் கைகள் நினைவுக்கு வந்தன. வந்தன என்பதை மறைக்கவில்லை. ஆனால் நான் சொன்னது இது:

"மார்கழில என் வண்டில நான் இருந்தேன் தம்பி. நீங்க எறங்கி மொதல்ல பயிரப் பாத்தீங்க."

"அது வேற."

"எப்படி வேற?"

அவரிடமிருந்து நான் கேட்க விரும்பியது ஒரே ஒரு வாக்கியம்: அண்ணி தூங்கவில்லை, என் லைட்டில்தான் கண் தெரியாமல் போனது. பத்து நொடி காத்திருந்தேன். கொடியில் ஈரச் சேலையின் விளிம்பைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லியிருந்தால் நானும் ஒன்றைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் திரும்பிப் போய்விட்டார். டீக்கடையில் இன்றும் நான் தூங்கியவள்தான்.

அதன் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசியதில்லை. பேச வேண்டியது இருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வார், அல்லது மனைவி வந்து சொல்வார். அவர் மனைவியும் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

கணவரின் விடுப்பு தை கடைசியில் முடிந்தது. கொழுந்தனார் வீட்டிலிருந்து யாரும் வழியனுப்ப வரவில்லை. திருச்சிக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். அன்று பனி இல்லை.